எடை போட்டுச் சொல்கிறேன்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பழைய சொசைட்டிக்காரரின் பதில்கள்

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, "மில் ஸ்டோரில் நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த காலத்தில்" என்று ஒரு வரி வந்து விழுந்துவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். சரி, இந்த முறை முழுக்க ஸ்டோர் கதையே. ஸ்டோர் என்றால் மில் தொழிலாளிகள் பங்கு போட்டு நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலை. மூட்டுவலிக்கும் மருமகள் பேசாமல் இருப்பதற்கும் வழி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். கோவை நகரக் கூட்டுறவுப் பண்டகசாலைகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். இந்தக் கடைகளைத் தொடங்கியது அரசாங்கமா, மக்களா? (மாணவி, பீளமேடு)

பதில்: இரண்டு பேரும்தான், அம்மிணி. யார் எப்போது கை வைத்தார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

கடை என்கிற யோசனை இங்கிலாந்துச் சரக்கு. நம்ம ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம் அல்லவா, அந்த அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர் ராச்டேல். நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் அங்கே காசு சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சந்தில் கடை திறந்தார்கள். சந்தின் பெயர் டோட் லேன். தேரைச் சந்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. அவர்களுக்கு முன்னாலும் பலர் இப்படிக் கடை போட்டு மூடியிருக்கிறார்கள். இவர்கள் கடை நின்றதற்குக் காரணம் அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கடன் கிடையாது. சந்தை விலைக்கே விற்பது. கணக்கு முடித்து மிஞ்சுகிற பணத்தை, யார் எவ்வளவு சாமான் வாங்கினார்களோ அதற்குத் தக்கபடி திருப்பிக் கொடுப்பது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு.

"மலிவாக விற்போம்" என்று அவர்கள் சொல்லவில்லை. இதைக் கட்டுரையில் அழுத்தி எழுதுங்கள். கூட்டுறவுக் கடை என்றாலே மலிவுக் கடை என்று நம் ஊரில் ஆகிப்போனது பிற்பாடு வந்த வினை.

நம் நாட்டுக்குக் கூட்டுறவு வந்தது கடையாக அல்ல, கடனாக. விவசாயி வட்டிக்காரனிடம் சிக்கிச் சாகிறானே, என்ன செய்யலாம் என்று ஆராயச் சொல்லி மதராஸ் அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895இலும் 1897இலும் அவர் அறிக்கை வந்தது. ஜெர்மனியில் கிராம வங்கிகளை உண்டாக்கிய ரைஃபைசனைப் போல ஒரு மனிதரை இங்கே தேடிப் பிடியுங்கள் என்பதுதான் அதன் சாரம். இந்த நிக்கல்சன் நமக்கு வேற்று ஆள் இல்லை. 1887இல் வந்த கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர் அவர்தான். ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் முன்பே நம்ம பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தவர்.

1904இல் சட்டம் வந்தது. அதுவும் கடன் சங்கங்களுக்கு மட்டும். ஆனால் அதே ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் படித்தவர்கள் சிலர் சேர்ந்து மளிகைக் கடையே தொடங்கிவிட்டார்கள். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், ஆங்கிலச் சுருக்கத்தில் டி.யு.சி.எஸ். என்று இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. மற்றவகைச் சங்கங்களுக்குச் சட்டம் கதவைத் திறந்தது 1912இல்.

கோவையில் இந்த விஷயத்தில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டி.ஏ. இராமலிங்கம் செட்டியார். வக்கீல், பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952இல் காலமானார். மாகாணம் முழுக்கக் கூட்டுறவு இயக்கத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை இருந்தது. கூட்டுறவு படிக்கக் கோவைக்கு வருகிறவர்கள் அவர் பெயரை நிலையத்தின் பெயர்ப் பலகையிலாவது பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இனி மில்லுக்கு வருவோம். ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது 1888இல். 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா நீர்மின்சாரம் வந்த பிறகு அவிநாசி ரோடு, திருச்சி ரோடு என்று திரும்பின பக்கமெல்லாம் புகைபோக்கி. மில் இருந்தால் மாதச் சம்பளம். மாதச் சம்பளம் என்றால் இருபது நாள் மளிகைக் கடையில் பற்று, அதாவது கடன். பற்று என்றால் கடைக்காரர் வைத்ததுதான் விலை, போட்டதுதான் எடை. தொழிலாளிக்குத் தனக்கென்று ஒரு கடை வேண்டும் என்று தோன்றியது அந்த இருபது நாளில்தான்.

பெருவாரியாக ஸ்டோர்கள் முளைத்தது இரண்டாம் உலகப்போரில். 1942இல் பர்மா விழுந்தது, பர்மா அரிசி நின்றது. எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் வரிசை. நிறையச் சங்கங்கள் அப்போது பதிவாயின. பங்குத்தொகை கட்டினவர்களில் பலருக்குக் கொள்கை கிள்கை எல்லாம் கிடையாது, சர்க்கரையும் மண்ணெண்ணெயும் கிடைத்தால் போதும். 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் கடைவீதியில் அரிசி தாராளமாகக் கிடைத்தது. அந்த உறுப்பினர்களும் கடைவீதிக்கே போய்விட்டார்கள். பல ஸ்டோர்கள் படுத்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. வரிசைக்காகச் சேர்ந்த கூட்டம் வரிசை கலைந்ததும் கலையத்தானே செய்யும்?

1962இல் சீனச் சண்டை வந்தது. விலைவாசி ஏறும் என்று பயந்த மத்திய அரசு, ஊருக்கு ஊர் மொத்தப் பண்டகசாலை, அதன் கீழே சில்லறைப் பண்டகசாலைகள் என்று பணம் கொடுத்து உண்டாக்கியது. 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அந்த ஜூலையில் டெல்லியில் சூப்பர் பஜார் திறந்தது. அலமாரி அலமாரியாக அடுக்கிவைத்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற பெரிய கூட்டுறவு அங்காடிகள் மற்ற நகரங்களுக்கும் வந்தது அந்த அலையில்தான். ஆக, மில் ஸ்டோர் கீழிருந்து முளைத்தது, பெரிய அங்காடி மேலிருந்து இறங்கியது. கட்டுரையில் இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: வடகோவையில் "சிந்தாமணி ஸ்டாப்" என்கிறார்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது? (வாசகர், சாய்பாபா காலனி)

பதில்: கூட்டுறவு அங்காடியின் பெயர்தான். கடையின் பெயர் ஸ்டாப்புக்கு ஒட்டிக்கொண்டு, இப்போது கடைக்குள் காலே வைக்காதவர்கள்கூடக் கண்டக்டரிடம் "சிந்தாமணி ஒண்ணு" என்கிறார்கள். இந்தப் பெயர்களில் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? இங்கே சிந்தாமணி, சென்னையில் காமதேனு, வேலூரில் கற்பகம். எல்லாம் கேட்டதைக் கொடுக்கிற தேவலோகத்துச் சமாச்சாரம். தேவலோகத்தில் பில் போட மாட்டார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: போன இதழில் ஒரு வீசை என்றால் ஒன்றரைக் கிலோ என்று எழுதியிருந்தீர்கள். எங்க அப்புச்சி ஒன்றே கால் கிலோவுக்கு மேலே, ஒன்றரைக்குக் கீழே என்பார். எது சரி? (வாசகி, கோபி)

பதில்: அப்புச்சிதான் சரிங்க. ஒரு கிலோ 400 கிராம். அஞ்சு சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. பேச்சுவாக்கில் நூறு கிராம் கூட்டிவிட்டேன். ஸ்டோரில் இப்படிச் செய்திருந்தால் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். பிடித்தும் இருக்கிறார்கள், அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எங்க அப்பாவும் மில் தொழிலாளிதான். ஸ்டோர் ஸ்டோர் என்று எப்போதும் பேசுவார். அந்தக் கடை எப்படித்தான் இருக்கும்? (வாசகர், சூலூர்)

பதில்: நான் ஒரு மில் ஸ்டோரில் 1973இல் சேர்ந்தேன். வேலையின் பெயர் கட்டுநர். பொட்டலம் கட்டுகிறவன் என்பதற்கு மரியாதையான சொல். அப்பா அதே மில்லில் ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கிற மெஷினில் இருந்தார். அவர் டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

மில் கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். உள்ளே நுழைந்தால் மிளகாய், மண்ணெண்ணெய், சோப்பு மூன்றும் கலந்த ஒரு வாசம். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசம் அடித்தால் கை தானாகத் தாளைத் தேடுகிறது. உத்தரத்திலிருந்து நூல் உருண்டை ஒன்று டால்டா டப்பாவுக்குள் தொங்கும். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு நூலை இழுத்துவிட்டிருப்போம். காசு கொடுத்து வாங்கிய சணல் இல்லை, மில்லில் கழித்துப் போட்ட நூல். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, வாயைப் பிடித்துக்கொண்டு சரக்கைப் போட்டு, மேலே மடித்து மூன்று சுற்று. கால் கிலோ துவரம்பருப்புக்குப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் முடித்துவிடுவேன். கையிலிருந்து அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பேத்திக்குப் பொரி வாங்கினால் பாலித்தீன் கவரிலிருந்து எடுத்துத் தாளில் மடித்துத்தான் கொடுக்கிறேன். "தாத்தாவுக்கு என்ன வியாதி" என்று கேட்கிறாள்.

முதல் ஷிப்ட் விட்டுச் சங்கு ஊதினால் பத்து நிமிஷத்தில் கடை நிறைந்துவிடும். தலையில் பஞ்சு, கையில் வயர் கூடை. எல்லோருக்கும் அவசரம். அவசரத்தில்தான் எடை கை நழுவும்.

சர்க்கரை மூட்டை அப்போது நூறு கிலோ. அரைக் கிலோவாகப் போட்டால் 200 பொட்டலம். ஒரு பொட்டலத்துக்கு அஞ்சு கிராம் கூடப் போனால் மூட்டை முடிகிறபோது ஒரு கிலோ காணாமல் போயிருக்கும். அஞ்சு கிராம் என்பது விரலில் ஒட்டுகிற அளவு. ஆனால் எதிரே நிற்கிறவர் தட்டு தாழ வேண்டும் என்பார். நம்ம பக்கம் எடை நேராக நின்றால் அது கஞ்சத்தனம், தட்டு "டக்" என்று இறங்கினால்தான் மனசு ஆறும். எனக்கு முன்னால் இருந்த விற்பனையாளர் சொல்லிக்கொடுத்தது: "கண்ணு, முள்ளை நடுவுல நிறுத்திக்க. அப்புறம் அவிய பாக்கற மாதிரி ஒரு சிட்டிகை மேல போடு. அந்தச் சிட்டிகையை முன்னாலயே எடுத்து வச்சிரோணும்." அதாவது முதலில் ஒரு சிட்டிகை குறைத்து நிறுத்திவிட்டு, கண்ணெதிரே அதைச் சேர்ப்பது. எடையும் சரி, மனசும் சரி. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

எனக்கு அது கைவருவதற்கு ஒரு ஐப்பசி ஆனது. மழையில் சர்க்கரை நீர் கோத்துச் சாக்கில் ஒட்டும். இருப்பு எடுத்தபோது அனுமதித்த கழிவு போக மூன்று கிலோ குறைவு. அடுத்த சம்பளத்தில் பிடித்தார்கள். அப்பாவிடம் போய் அழுதேன். அவர் ஸ்டோர் இயக்குநர் குழுவில் ஒருவரைத் தெரிந்து வைத்திருந்தார், போய்ச் சொல்வார் என்று நினைத்தேன். "அது என் கடைடா. என் சர்க்கரையத்தான் நீ கொட்டியிருக்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவரிடம் இருந்தது மொத்தம் இரண்டு பங்கு.

கேள்வி: அப்படிப்பட்ட கடைகள் பிறகு ஏன் மூடின? சூப்பர் மார்க்கெட் வந்ததாலா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லைங்க. சூப்பர் மார்க்கெட் வந்தபோது பாதி ஸ்டோர்கள் ஏற்கெனவே படுத்திருந்தன. ராச்டேல்காரர்கள் முதலிலேயே வேண்டாம் என்று ஒதுக்கியது எதுவோ, அதை நாங்கள் உள்ளே விட்டோம். பற்று.

பற்று வேண்டாம் என்றுதான் தொழிலாளி ஸ்டோர் தொடங்கினான் என்று மேலே எழுதினேன். ஆனால் மாதக் கடைசியில் காசில்லாதவனுக்குக் கொடுக்காத கடை எப்படி அவன் கடை ஆகும்? அதனால் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு வந்தது. வாங்கினதை நோட்டில் எழுதி, மாதம் பிறந்ததும் பட்டியலை மில் ஆபீசுக்குக் கொடுத்தால், பிடித்தம் போகத்தான் சம்பளக் கவர். தொழிலாளிக்குக் கடன் மாதிரியே தெரியாது. எங்களுக்கும் வசூல் கவலை இல்லை. அருமையான ஏற்பாடு, மில் ஓடுகிற வரைக்கும்.

எழுபதுகளிலேயே பல மில்கள் தள்ளாடின. 1974இல் மத்திய அரசு நலிந்த மில்களைத் தேசியமயமாக்கியபோது நம்ம ஊர் மில்களும் அதில் உண்டு. எங்கள் மில் அதில் இல்லை, தனியார்தான். எண்பதுகளில் லே-ஆஃப், கதவடைப்பு, மறுபடி திறப்பு என்று இழுத்துக்கொண்டே இருந்தது. சம்பளம் இல்லை என்றால் பிடித்தமும் இல்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? முதல் மாதம் கொடுத்தோம். இரண்டாம் மாதம் இயக்குநர் குழு கூடி அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் என்று முடிவு செய்தது. மூன்றாம் மாதம் ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்து பால் பவுடர் கேட்டார். பட்டியலில் இல்லை. நான் அப்போது கணக்கர். எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதினது எத்தனை என்று இப்போது கேட்காதீர்கள்.

மிளகாய் மண்டிக்காரருக்கும் எண்ணெய்க்காரருக்கும் நாங்கள் கொடுக்க வேண்டியது ஏறிக்கொண்டே போனது. அவர்கள் சரக்கு நிறுத்தினார்கள். காலி அலமாரி உள்ள கடைக்குக் காசு உள்ளவனும் வர மாட்டான். கடைசியில் சங்கத்தை மூடிக் கணக்குத் தீர்க்கிற கலைப்பு அலுவலர் வந்து தராசையும் எடைக்கற்களையும் எண்ணி எழுதிக்கொண்டு போனார். டால்டா டப்பாவை அவர் எழுதவில்லை. நான் எடுத்து வந்துவிட்டேன்.

பற்றைக் கொடுத்தது தப்பா? கணக்குப்படி தப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டுறவில் இருந்துவிட்டேன், அந்த மூன்றாம் மாதத்துக்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

இன்னொரு நோவும் உண்டு, பெரிய கடைகளுக்குத்தான் அது அதிகம். எழுபதுகளின் நடுவிலிருந்து வெகுகாலம் இயக்குநர் குழுவுக்குத் தேர்தலே இல்லாமல், அரசாங்கம் நியமித்த தனி அலுவலர்களை வைத்து ஓட்டினார்கள். நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவருக்குச் சர்க்கரை மூட்டையில் மூன்று கிலோ குறைந்தால் அது கோப்பு. எங்க அப்பாவுக்கு அது சர்க்கரை.

கேள்வி: பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பண்டகசாலையின் பங்குச் சான்று கிடைத்தது. பத்து ரூபாய்ப் பங்கு, ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். இப்போது லட்சக்கணக்கில் தேறுமா? (வாசகி, கணபதி)

பதில்: தேறாது, கண்ணு. கம்பெனிப் பங்கு வேறு, கூட்டுறவுப் பங்கு வேறு. கூட்டுறவுப் பங்குக்கு விலை ஏறாது. பத்து ரூபாய் என்றால் எந்நாளும் பத்து ரூபாய்தான். அதற்கு லாபம் வந்த வருஷங்களில் பங்கு ஈவு கொடுத்திருப்பார்கள், பாட்டி அதை வாங்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். சங்கம் இன்னும் இருந்தால் சான்றோடும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடும் போய்ச் செயலாளரைப் பாருங்கள். மூடியிருந்தால் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்; கலைப்பு முடிந்துவிட்டதா என்று சொல்வார்கள். பஸ் செலவுகூட மிஞ்சாது. நானாக இருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைப்பேன். அந்தப் பத்து ரூபாய்க்கு உங்கள் பாட்டிக்கும் சேர்மனுக்கும் ஒரே ஓட்டு இருந்தது.

கேள்வி: ரேஷன் கடையும் கூட்டுறவுக் கடையும் ஒன்றா? போர்டில் கூட்டுறவு என்று போட்டிருக்கிறதே. (வாசகர், ஈரோடு)

பதில்: நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம்தான். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அப்படித்தான். அரிசி அரசாங்கத்தினுடையது, விலையும் அரசாங்கம் வைப்பது. சங்கம் வாங்கி வைத்து அளந்து கொடுக்கிறது. கடைக்கு வருகிறவர் கார்டுதாரர். சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலும் இருப்பதும் இல்லை.

இதிலும் கோவைக்கு ஒரு பங்கு உண்டு. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று சொல்லி தி.மு.க. ஆட்சிக்கு வந்ததே, அந்த ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அப்போது பதிமூன்று, பதினான்கு வயது. அம்மா பையைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டுப் போவார். எதிர்வீட்டு அம்மாயி வாங்கிய அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்தப் படியில் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்குது" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ரேஷன் பசியைத் தடுத்தது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் கூட்டுறவு என்ற சொல்லுக்கு "அரசாங்கம் கொடுக்கிற இடம்" என்று பொருள் மாறிப்போனதும் அந்த வரிசையில்தான்.

கேள்வி: தனியார் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி, இலவசம் என்று கொடுக்கிறார்கள். கூட்டுறவு அங்காடிக்கு ஏன் போக வேண்டும்? (இல்லத்தரசி, பொள்ளாச்சி)

பதில்: போக வேண்டும் என்று யார் சொன்னது? சாமான் நன்றாக இருந்தால் போங்கள். மஞ்சள்தூளும் கடலை எண்ணெயும் நான் இன்றும் கூட்டுறவில்தான் வாங்குகிறேன். ஈரோட்டிலும் திருச்செங்கோட்டிலும் விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களே சரக்கைக் கண்ணால் பார்த்து ஏலம் விடுகிறவர்கள், அந்தப் பக்கத்து மஞ்சளில் எனக்கு நம்பிக்கை. தீபாவளிப் பட்டாசும் அங்கேதான். மருந்து வாங்குகிறவர்கள் கூட்டுறவு மருந்துக் கடையையும் ஒரு எட்டுப் பாருங்கள். 2014இல் அம்மா மருந்தகம், 2025இல் முதல்வர் மருந்தகம் என்று பெயர் மாறி மாறி வந்தாலும் வயதானவர்களுக்கு மாதாமாதம் நல்ல மிச்சம். பருப்பு விஷயத்தில் மட்டும் நான் வாய் திறக்கப் போவதில்லை. ஒரு தடவை பாசிப்பருப்பில் கல் பொறுக்கிப் பொறுக்கி எங்கள் வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வை போதும். "உங்க ஆளுங்கதான" என்றார்.

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் கூடுகிற பொதுப்பேரவைக் கூட்டத்தில் என்னதான் நடக்கும்? (வாசகர், அவிநாசி)

பதில்: எங்கள் ஸ்டோரில் நடந்ததைச் சொல்கிறேன். மில் கேன்டீனுக்குப் பின்னால் ஷாமியானா. கூட்டுறவின் ஏழு வண்ணக் கொடி ஏற்றி, வரவு செலவு வாசித்து முடிக்கும் வரை தூங்கிக்கொண்டிருப்பவர்கள், "மிளகாய் எந்த மண்டியில் எடுத்தது?" என்று யாராவது ஒருத்தர் எழுந்ததும் விழித்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒழுகின கணக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஓடியது. அப்புறம் காரம், லட்டு, காபி. நல்ல லாபம் வந்த ஒரு வருஷம் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தோம், மூடியில் சங்கத்தின் பெயரும் வருஷமும் பொறித்து. பேர் வெட்டுகிறவர் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். கூட்டுறவு "கூட்டுற" ஆகிவிட்டது. முந்நூறு போசியிலும் அப்படியே.

பிற்பாடு நான் வேலை பார்த்த பெரிய சங்கத்திலும் பொதுப்பேரவை உண்டு. ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். லட்டு மிஞ்சிப்போகும்.

கேள்வி: கடைசியாக, நீங்கள் சொந்தமாக எந்தக் கடையில்தான் மளிகை வாங்குகிறீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள். (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: மாதச் சாமான் மருமகள் போனில் சொல்லிவிடுகிறாள், வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் அதில் வந்த சர்க்கரைப் பாக்கெட்டை, யாரும் வீட்டில் இல்லாத நேரம், சமையல் கட்டில் இருக்கிற எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ, அஞ்சு கிராம். கவர் எடை போனால் முள் நடுவில்.